அர்ச்சனைச் சீட்டு முகப்பில் ஒரு நம்பரையும் ஒட்டி வைப்போம்

கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுங்க.

அர்ச்சனைச் சீட்டு எழுதுற மேசையில உட்கார்ந்து பல வருஷமாச்சு. பேரும் நட்சத்திரமும் சொல்லும்போதே சில பேருக்குக் குரல் உடைஞ்சிடும். வீட்டுல அழ முடியாதவங்க இங்கே வந்துதான் அழறாங்க.

போன வருஷம் ஒரு அம்மா சனிக்கிழமை தவறாம வந்தாங்க. மகன் பேருக்கு மட்டும்தான் அர்ச்சனை. ஒருநாள் விசாரிச்சேன். "ரூமை விட்டே வெளிய வர்றதில்ல அண்ணே. வேலையை விட்டுட்டான். ராத்திரி பூரா முழிச்சிருக்கான். 'நான் இருந்து என்னம்மா பிரயோஜனம்'னு கேக்குறான்" என்றார்.

நான் தெரிஞ்ச மாதிரி பதில் சொன்னேன். "ஏழரைச் சனிம்மா. ஒன்பது வாரம் எள் தீபம் போடுங்க, எல்லாம் சரியாயிடும்."

ஒன்பதாவது வாரம் வர்றதுக்குள்ள அந்தத் தம்பி ஆஸ்பத்திரியில இருந்தான். கடவுள் புண்ணியத்துல உயிர் பிழைச்சான். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. ஆனா எனக்குத் தூக்கம் போச்சு.

எள் தீபம் தப்புன்னு நான் சொல்லவே இல்ல. அந்தத் தாயைத் தாங்கி நிறுத்தினதே அந்த விளக்குதான். ஆனா "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு ஒரு பிள்ளை கேட்டான்னா, அதைக் காதுல வாங்கப் பயிற்சி எடுத்தவங்க இருக்காங்க. அவங்ககிட்ட அனுப்பாம நான் கிரகத்தைக் காட்டிட்டேன். அதுதான் என் தப்பு.

தைப்பூசத்துல பால்குடம் எடுக்கிறவங்க மயங்கி விழுந்தா என்ன செய்றோம்? உடனே முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிட்டு ஓடறோம். "இவருக்கு பக்தி போதல"ன்னு யாராவது சொல்றோமா? முருகன் மேல நம்பிக்கையும் இருக்கு, பக்கத்துல கூடாரமும் இருக்கு. மனசு மயங்கி விழும்போது மட்டும் ஏன் கூடாரம் வேண்டாம்ங்கிறோம்?

காரணம் நமக்கே தெரியும். சின்ன வயசுலேர்ந்து "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்"னு கேலி பேசியே வளர்ந்துட்டோம். கிளினிக்ல யாராவது பார்த்துட்டா பொண்ணுக்கு வரன் வராதுன்னு பயம். காசும் ஒரு காரணம். தனியார்ல ஒரு மணி நேரம் ஆலோசனைக்கே நூறு வெள்ளிக்கு மேல ஆகும். பரிகாரத்துக்கு மட்டும் கடன் வாங்கியாவது கொடுத்துடறோம். சட்டமும் பயமுறுத்தி வச்சிருந்தது. தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவின்படி தற்கொலைக்கு முயற்சி செய்வதே குற்றமாக இருந்தது. 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இது இன்னும் நம்ம வீடுகள் பலதுக்குத் தெரியாது. உதவி கேட்டா போலீஸ் வரும்னு இப்பவும் மறைக்கிறாங்க.

அதே 2023-இல் எடுத்த தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது. 2019-இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. அதுல நம்ம கோயில் வரிசையில நிக்கிறவங்களும் இருப்பாங்க.

இதுக்குத்தான் போன். முகம் தெரியாது, யாரும் பார்க்க மாட்டாங்க. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, 24 மணி நேரமும். 1970-லிருந்து தொண்டர்களே நடத்துறாங்க, நம்மள மாதிரி. "என்னென்னு சொல்லத் தெரியல"ன்னு ஆரம்பிச்சாலே போதும். சில நேரம் லைன் கிடைக்காது. விட்டுடாம மறுபடி போடுங்க. உயிருக்கு ஆபத்துன்னா காத்திருக்காதீங்க, 999.

போன் மட்டும் நோயைத் தீர்த்துடாது. அது வாசல். உள்ளே போக அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் இருக்கு. குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அங்கே டாக்டர் பார்த்து, தேவைன்னா மனநல நிபுணருக்குக் கடிதம் தருவார். அந்தத் தம்பியும் இப்போ அரசாங்க ஆஸ்பத்திரியிலதான் மருந்து எடுக்கிறான். இன்னும் முழுசா சரியாகல. ஆனா ராத்திரி தூங்குறான்னு அந்த அம்மா சொன்னாங்க.

நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள் மூணு.

ஒண்ணு, சீட்டு முகப்புலயும் அன்னதானக் கூடத்துலயும் இந்த நம்பர்களை ஒட்டுவோம். கழிவறைக் கதவுக்கு உள்பக்கமும் ஒட்டணும். சிரிக்காதீங்க. யாரும் பார்க்காம நம்பரைக் குறிச்சிக்க கோயில்ல அந்த ஒரு இடம்தான் இருக்கு.

ரெண்டு, நாம தொண்டர்கள் உடனே ஜாதகம் சொல்றதை நிறுத்துவோம். "சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா? சாகணும்னு தோணுதா?"னு நேரா கேட்போம். கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்பட வேண்டாம். கேட்க ஒருத்தர் இருக்காருன்னு தெரிஞ்சா பாரம்தான் குறையும். நம்பரைக் கொடுத்துட்டு ஓடாம, அவங்க போன் போடுற வரைக்கும் பக்கத்துல உட்காருவோம்.

மூணு, நல்லா தமிழ் பேசத் தெரிஞ்ச தம்பி தங்கச்சிகளே, இந்த உதவி மையங்கள்ல பயிற்சி எடுத்துத் தொண்டராச் சேருங்க. மலாய்லயும் ஆங்கிலத்துலயும் வேலை பார்க்கிறோம், பாடம் படிக்கிறோம். ஆனா நெஞ்சு வெடிக்கிற நேரத்துல நம்ம பாட்டிக்கும் அம்மாவுக்கும் தமிழ்தான் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்க் குரல் இருக்கணும்னா, அது நம்ம வீட்டுப் பிள்ளையாத்தான் இருக்கணும்.

அன்னதானம் ஒரு வேளைப் பசியை ஆத்துது. பொறுமையா ஒருத்தர் சொல்றதைக் கேட்கிறதும் ஒரு தானம்தான்.

இந்தச் சனிக்கிழமை எள் தீபம் ஏத்துங்க. ஏத்திட்டு, வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிற பிள்ளையோட கதவையும் தட்டுங்க. நம்பர்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போட்டு வைங்க. யாருக்குத் தேவைன்னு நமக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்.

அம்பாள் எல்லாரையும் காக்கட்டும். ஓம் சக்தி.