நாலு பேரும் ஒரு கயிறும்

‘நீ நீயாக இரு’ என்ற உபதேசத்துக்கு இன்றைக்கு நல்ல கிராக்கி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சூரிய உதயப் படத்துக்கு மேல் வருகிறது. கல்லூரிகளில் ஆளுமை வளர்ச்சி வகுப்பு எடுக்க வருகிறவர் அதைத்தான் முதலில் சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருநெல்வேலியில் நின்று கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. இங்கே அந்த ‘நீ’யை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே தயாராக இருக்கிறது. பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் கையில் கட்டியும் விடுகிறார்கள், கலர் கயிறாக.

அந்தக் கயிற்றைக் கட்டியிருக்கிற பையனிடம் கேட்டுப் பாருங்கள். தான் பொய்யாக வாழ்வதாக அவன் நினைக்கவில்லை. “நான் யாருன்னு காட்டுதேன், இதுல என்ன தப்பு?” என்பான். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அவன் அவனாகத்தான் இருக்கிறான்!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். பள்ளியில் தனக்கு நடக்கும் கொடுமையைப் புகாராகச் சொன்ன ஒரு தலித் மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளிக்குள் கூடாது என்றது. உடனே எதிர்ப்பும் வந்தது. ஒரு கயிற்றை அவிழ்க்கச் சொன்னதற்கே இத்தனை கோபம்.

அந்தச் சம்பவத்தில் தனக்கு உண்மையாக நடந்துகொண்டது யார்? அரிவாள் எடுத்தவர்களா? அவர்கள் தெருவும் சொந்தமும் எழுதிக்கொடுத்த வசனத்தை அப்படியே பேசியவர்கள். வாயைத் திறந்து நடந்ததைச் சொன்னானே ஒருவன், அவன்தான். உண்மையாக வாழ்வது என்பது உள்ளே இருக்கும் ‘நானை’ வெளியே காட்டுவது அல்ல. ஊர் கையில் கொடுத்த ‘நானை’ வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது. அதற்கு விலை உண்டு. விலையைச் சொல்லாமல் உபதேசத்தை மட்டும் விற்கிறவர்கள் பாதி உண்மையைத்தான் விற்கிறார்கள்.

முழு விலையையும் கொடுத்த ஒரு மனிதர் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தார். வ.உ.சி. கப்பல் ஓட்டிய கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். கப்பலுக்கு முன்னும் பின்னும் அவர் அன்றாடம் வாழ்ந்த வாழ்க்கைதான் இங்கே விஷயம்.

கப்பலுக்கு முந்திய காலம். கண் பார்வையற்ற, தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த இராமையா தேசிகர் என்ற துறவியை அவர் தம் வீட்டில் வைத்துப் பேணினார். மனைவி வள்ளியம்மை அந்தத் துறவிக்கு வேண்டியதைச் செய்தார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ‘நாலு பேரு என்ன சொல்லுவாக’ என்ற கேள்விக்குத் தாமிரபரணிக் கரையில் உள்ள பலம் நமக்குத் தெரியாததா? வெள்ளைக்காரனை எதிர்ப்பதைவிடச் சித்தப்பாவை எதிர்ப்பது கஷ்டம். அந்த வீட்டுக் கணவனும் மனைவியும் எதிர்த்தார்கள்.

1908 மார்ச்சில் கலெக்டர் விஞ்ச், அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் கூப்பிட்டு, அரசியலை விட்டு மாவட்டத்தைவிட்டே போய்விடச் சொன்னார். நன்னடத்தை ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தால் வக்கீல் தொழில், வீடு, வண்டி எல்லாம் மிஞ்சியிருக்கும். எழுதிக் கொடுக்கவில்லை. 12ஆம் தேதி கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டதில் 4 பேர் செத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை 40 வருஷம். பிறகு அது குறைந்தது என்றாலும், கோவைச் சிறையில் செக்கு இழுத்ததும் கல் உடைத்ததும் குறையவில்லை.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் வறுமை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று காந்தியிடம் பணம் கொடுத்திருந்தார்கள். அது வந்து சேரவில்லை. காந்தி விசாரித்தபோது, ‘நாட்டுக்காக எல்லாம் துறந்தவன், எனக்கெதற்குப் பணம்’ என்று தியாகி வேஷம் கட்டியிருக்கலாம். தம் நிலையில் பணம் வேண்டாம் என்று சொல்வது பொய்யாகிவிடும் என்று எழுதினார். விடாமல் கடிதம் எழுதி, கடைசியில் 347 ரூபாய் 12 அணாவைப் பெற்றுக்கொண்டார். அந்தத் தொகையையே தலைப்பில் வைத்து ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். எனக்கு அவருடைய கப்பலைவிட இந்த 12 அணா பெரிதாகத் தெரிகிறது. இல்லாததை இல்லை என்று சொல்வதற்கு நம் ஊரில் எவ்வளவு பேருக்குத் தைரியம் உண்டு? வட்டிக்கு வாங்கிக் கல்யாண மண்டபம் பிடிக்கிற ஊர் இது.

இன்னொன்று. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனுக்கு எதிராகச் செக்கிழுத்தவர் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் பெயரா? இன்று வைத்திருந்தால் நாலு பேர் அல்ல, நாலாயிரம் பேர் திரண்டு வந்து திட்டுவார்கள். தம் பிம்பத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நடந்த உதவிக்கு உண்மையாக இருந்தார்.

சுயமுன்னேற்றப் புத்தகங்களைப் பழிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜேம்ஸ் ஆலனை ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரே வ.உ.சி.தான். இன்றைய ஸ்டேட்டஸ் வாசகங்களுக்கு ஒருவகையில் பாட்டனார். ஆனால் அகத்தைப் புறத்தில் நடத்திக் காட்டக் கொடுத்த ரசீது அவர் கையில் இருந்தது.

அந்த மனிதரை நாம் என்ன செய்தோம்? அவர் பெயரில் ஒரு மாவட்டம் இருந்தது. சாதிக் கலவரங்களை ஒட்டி 1997இல் தலைவர்கள் பெயர் எல்லாவற்றையும் அரசு எடுத்தபோது அதுவும் போயிற்று. மாவட்டத்திலிருந்து இறங்கியவரைச் சாதிச் சங்கச் சுவரொட்டியில் ஏற்றிவிட்டார்கள். சொந்தக்காரர் பேச்சைத் தள்ளியவரைச் சொந்தக்காரர்களே தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

‘அப்போ ஒடுக்கப்பட்டவன் தன் அடையாளத்தைச் சொன்னாலும் தப்பா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். குனிய வைத்தவன் முன்னால் நிமிர்ந்து பெயர் சொல்வது வேறு. இன்னொருவனைக் குனிய வைக்கப் பெயர் சொல்வது வேறு. முதலாவது ஊர் கொடுத்த இடத்தை மறுக்கிறது. இரண்டாவது அந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் ‘அடையாளம்’ என்ற ஒரே சொல்லில் கட்டி எடை போடுவது கள்ளத் தராசு.

செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்த நாள், ஆசிரியர் தினமும் அதுதான். அன்றைக்கு நெல்லைப் பள்ளிகளில் மாலை போடுவதோடும் கப்பல் படம் வரைவதோடும் நிறுத்திக்கொள்ள வேண்டாம். இராமையா தேசிகர் கதையையும், 12 அணா கதையையும், வாலேஸ்வரன் பெயர்க் கதையையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொல்கிற ஆசிரியர், வகுப்புக்குள் போகுமுன் தம் கையில் ஏதாவது கயிறு கிடக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளட்டும்.