ஒட்டுண்ணி என்று சொல்லிக் கொடுத்தவனே நான்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வேளாண்துறையில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடையில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். குச்சிக்கிழங்கு போட்டிருந்தார். முகம் வாடியிருந்தது. "மாவுப்பூச்சி சார். குருத்தெல்லாம் சுருண்டு போச்சு. மூணு தடவை மருந்து அடிச்சாச்சு, கேட்கல" என்றார்.

"அதற்குத்தான் குளவி விடுகிறார்களாமே?" என்று கேட்டேன்.

"ஊர்க் கூட்டத்துல நோட்டீஸ் குடுத்தாங்க சார். ஒட்டுண்ணி விடப் போறோம்னு போட்டிருந்தது. இருக்கிற பூச்சி போதாதுன்னு இன்னொண்ணை விடுவாங்களா? எங்க கொல்லைப் பக்கம் வேண்டாம்னுட்டேன். ஒட்டுண்ணின்னா அடுத்தவனை உறிஞ்சிப் பிழைக்கிறதுன்னு நீங்கதான சார் ஒன்பதாவதுல சொல்லிக் குடுத்தீங்க!"

எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. உண்மைதான். பேன், உண்ணி, கஸ்குட்டா என்று உதாரணம் எழுதிப்போட்டு, பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணும் கொடுத்தவன் நான்தான்.

விஷயம் தெரியாத உறவுகளுக்காகச் சொல்கிறேன். குச்சிக்கிழங்கைத் தாக்கும் இந்த மாவுப்பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970களில் ஆப்பிரிக்காவில் நுழைந்து பல நாடுகளின் அன்றாட உணவுக்கே உலை வைத்தது. பராகுவே நாட்டில் கண்டெடுத்த ஒரு சின்னக் குளவியை 1981 முதல் ஆப்பிரிக்காவில் விட்டுத்தான் அதை அடக்கினார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 2020இல் கேரளத்தில் தெரிந்த பூச்சி, சேலம், நாமக்கல், தருமபுரி என்று நம் பக்கமும் பரவியது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்தது. 2022 மார்ச்சில், நம் கணவாய்க்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள்.

அந்தக் குளவி மனிதரைக் கொட்டாது, பயிரைத் தொடாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று, கூட்டை மட்டும் விட்டுவிட்டு வெளியே வரும். பூச்சிமருந்து பட்டால் குளவிதான் முதலில் சாகும். அதனால் "மருந்து அடிக்காதீர்கள், பொறுத்திருங்கள்" என்பதே விவசாயிக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி. கடன் வாங்கிப் பயிர் வைத்தவனிடம் "சும்மா இரு" என்று சொல்வதைவிடக் கடினமான செய்தி உண்டா? அதை ஒரு நோட்டீஸிடம் ஒப்படைத்துவிட்டோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். கடையில் விற்கிற விஷத்துக்கு நம் ஊரில் பெயர் "மருந்து". காப்பாற்ற வந்த குளவிக்கு நோட்டீஸில் பெயர் "ஒட்டுண்ணி". விவசாயி எதை நம்புவார்? தவறு அவர் மேல் இல்லை. நோட்டீஸ் எழுதியவரும் பொய் எழுதவில்லை, அறிவியல்படி அது சரியான சொல்தான். ஆனால் சரியான சொல் வேறு, போய்ச் சேருகிற சொல் வேறு. வகுப்பறையில் இதை உணர எனக்கே பல வருடம் ஆனது.

அடுத்த பருவத்தில் நான் ஒன்று செய்தேன். அவர் கொல்லை வரப்போரம் மருந்து படாத செடிகள் சில இருந்தன. பழுப்பு நிறத்தில் உப்பிப்போன மாவுப்பூச்சிகள் இருந்த இலைகளைப் பறித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். சில நாளில் கொசுவைவிடச் சின்னதாகக் குளவிகள் பாட்டிலுக்குள் ஊர்ந்தன. அவர் மனைவிதான் முதலில் பார்த்தார். "இதையா மருந்து அடிச்சுக் கொன்னோம்?" என்றார். கொல்லையில் களை எடுப்பவரும், விதைக் குச்சி வெட்டுபவரும் அந்த அம்மாதான். கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

நோட்டீஸ், வாட்ஸ்அப், 2018இல் வந்த உழவன் செயலி எல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1960களில் திருச்சி வானொலி சொல்லிப் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்குத் தஞ்சாவூர் விவசாயிகள் "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்தார்கள். கருவி நல்லதுதான். அதில் பேசுகிறவர் கேட்பவரின் பேச்சில் பேச வேண்டும். 1980களில் பயிற்சியும் பார்வையும் திட்டம் நடந்தபோது, இன்ன ஊருக்கு இன்ன கிழமை அலுவலர் வருவார் என்ற ஏற்பாடு இருந்தது. ஆள் வருவார் என்ற அந்த நிச்சயம்தான் பெரிய பலம். இன்று அந்த நிச்சயத்தைக் கொடுப்பவர் மருந்துக்கடைக்காரர். மாலையில் கடை திறந்திருக்கும், கடனும் கிடைக்கும், நின்று பேசவும் செய்வார். ஆனால் அவர் பேச்சு கடைசியில் ஒரு பாட்டிலில்தான் முடியும்.

வேளாண்துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் கஷ்டம் தெரியும். ஒருவர் தலையில் பல கிராமங்கள், மானியப் பட்டியல், ஓயாத ஆன்லைன் பதிவு. ஆனாலும் வாத்தியார் உரிமையில் சில வார்த்தை. கொல்லைக்குப் போனதும் பேசத் தொடங்காதீர்கள், முதலில் "என்ன செஞ்சீங்க, ஏன் செஞ்சீங்க?" என்று கேளுங்கள். ஹெக்டேர் கணக்கு உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கட்டும், விவசாயியிடம் ஏக்கருக்கு எவ்வளவு, ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்று சொல்லுங்கள். பையில் ஒரு லென்ஸ் வைத்திருங்கள். பெண்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் கூட்டம் போடுங்கள். தெரியாததைத் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி திரும்பிப் போங்கள். நோட்டீஸ் அடிக்கும் முன் ஒரே ஒரு விவசாயியிடம் அதைக் கொடுத்து, "என்ன புரிஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. என் மாணவருக்கு ஒரு பருவத்தின் விளைச்சலே மிஞ்சியிருக்கும்.

அவர் இப்போது பக்கத்துக் கொல்லைக்காரர்களிடம் "பூச்சியைத் தின்கிற குளவி" என்றுதான் சொல்கிறார். அந்தப் பெயரை நோட்டீஸிலும் போடுங்கள். பாடப் புத்தகத்துப் பெயர் பரீட்சைக்கு இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
பாப்பிரெட்டிப்பட்டி