கூதிர் யாருடைய பொழுது?

'நீங்கள் ஏன் மழையைப் பற்றி எழுதுவதில்லை?' என்று கேட்கிறார்கள். தலித் எழுத்தில் கோபம் இருக்கிறது, பசி இருக்கிறது, பீயும் சாணியும் இருக்கிறது. பருவம் இல்லை, பனி இல்லை, ஒரு பூகூட இல்லை என்று குறைபடுகிறார்கள். இலக்கியக் கூட்டங்களில் தேநீர் இடைவேளையில் தோளில் கைபோட்டுக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். நம்மை உயர்த்திவிட வேண்டும் என்கிற அக்கறையோடுதான் கேட்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம் இதுதான். ஐப்பசி பிறந்துவிட்டது. வாடை திரும்பிவிட்டது. ஊதக்காத்து உடம்பில் பட்டதும் எனக்குள் இரண்டு விதமான நடுக்கம் வருகிறது. ஒன்று ஆசையால் வருவது, மற்றது பயத்தால் வருவது. இரண்டில் எது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் உண்மை. ஆனால் தமிழ் இலக்கணம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பருவம் என்று ஒப்புக்கொள்கிறது.

தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார் என்று திணைதோறும் பங்கு வைத்துக் கொடுத்தார்கள். எம்.ஏ. வகுப்பில் இதை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோம். அந்த அட்டவணையில் ஓர் ஆள் விட்டுப்போயிருக்கிறான் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தொல்காப்பியம் அகத்திணையியலிலேயே அது இருக்கிறது. அடியோருக்கும் வினைவலருக்கும் ஐந்திணையில் இடமில்லை. கைக்கிளை, பெருந்திணை என்கிற புறத்தே வேண்டுமானால் அவர்கள் தலைமக்களாக இருந்துகொள்ளலாம். அடிமை வேலை செய்கிறவன், ஏவிய வேலையைச் செய்கிறவன் காதலித்தாலும் அது 'அன்பின் ஐந்திணை' ஆகாது.

இதை ஒழுக்கம் பற்றிய விதி என்றுதான் உரைகாரர்கள் எழுதினார்கள். நான் இதைக் காலம் பற்றிய விதியாகவும் படிக்கிறேன். ஐந்திணைக்குள்தான் பெரும்பொழுது இருக்கிறது. திணை இல்லாதவனுக்குப் பொழுது ஏது? அவனுக்கு நடவு, களை, அறுப்பு என்று வேலைதான் உண்டு. இரண்டாயிரம் வருஷமாக அடியோருக்குப் பருவம் இல்லை என்று எழுதி வைத்துவிட்டு, இன்றைக்கு வந்து 'ஏம்ப்பா நீ பருவத்தைப் பாடல?' என்று கேட்டால் எப்படி?

நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோம். கூதிர் காலத்துக்குத் தமிழில் அதைவிடப் பெரிய பாட்டு இல்லை. 188 அடி. வாடை பிரிந்திருக்கும் அரசிக்கு நெடியது, போரில் வென்று நிற்கும் அரசனுக்கு நல்லது. அதனால் நெடுநல்வாடை என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு அரசியிலும் அரசனிலும் தொடங்கவில்லை. கோவலரில் தொடங்குகிறது. வெள்ளத்துக்குப் பயந்து மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், பழகிய இடத்தை விட்டுவிட்டுக் கலங்கி, கையில் கொள்ளியை வைத்துக் காய்ந்துகொண்டு, தாடை நடுங்க நிற்கிற மனிதர்கள் அவர்கள். பிறகு பாட்டு நகரத்துக்குப் போய்விடுகிறது. மாடங்களில் சாளரங்களை அடைத்துவிடுகிறார்கள். தடவு என்னும் சட்டியில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. அப்புறம் அரண்மனை, கட்டில், அரசி, பாசறை.

நக்கீரர் கண்ணில் கோவலர் பட்டார்கள். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். உரை சொன்னவர்கள் கண்ணில்தான் படவில்லை. அரசிக்கு நெடிது, அரசனுக்கு நல்லது, சரி. தாடை நடுங்கியவனுக்கு அந்த வாடை என்னவாக இருந்தது? அதற்கு ஓர் அடைமொழி வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என் கேள்வி முழுவதும் அந்த விட்டுப்போன அடைமொழியைப் பற்றியதுதான்.

எங்க சேரியில் மழையை எப்படிச் சொல்வார்கள் என்று சொல்கிறேன். எங்க ஆயா சொல்லும்: "மழ பேஞ்சா பத்து நாளு வயிறு காயும். பேயலன்னா வருசமே காயும்." கலவையான உணர்வு என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அது ரெண்டு வரியில் முடித்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஏரி நிரம்பினால்தான் நடவு, நட்டால்தான் களை, களையெடுத்தால்தான் தையில் அறுப்பு. அதனால் மழை வேண்டும். ஆனால் அடைமழை பிடித்தால் கூலி வேலை நின்றுபோகும். விறகு நனைந்துபோகும். கூரை ஒழுகும் இடத்திலெல்லாம் சட்டியும் குண்டானும் வைத்து, மிச்ச இடத்தில் பிள்ளைகளைச் சுருட்டிப் படுக்க வைக்க வேண்டும். சேத்துப்புண் வந்த காலை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொம்பளைகளுக்கு வாடை நெடிதா நல்லதா என்று கேட்டால் விளக்குமாறுதான் வரும்.

சந்தோஷமே இல்லையா என்றால், இருக்கிறது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் மழை விட்டதும் புத்திலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கு வைத்துப் பிடித்து, வறுத்து, அரிசியோடு கலந்து தின்றவனுக்குத்தான் ஐப்பசியின் ருசி தெரியும். வயலில் நத்தை பொறுக்கலாம். வரப்பில் நண்டு பிடிக்கலாம். ஏரி கலங்கில் கெளுத்தியும் குரவையும் ஏறி வரும். கோணியை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று பிள்ளைகள் போடும் கூச்சல் இருக்கிறதே, அது எந்தக் கார்காலப் பாட்டுக்கும் குறைந்ததில்லை. ஆனால் நத்தையும் நண்டும் ஈசலும் கவிதையில் வந்தால் அதை இயற்கை என்று இவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. 'தலித் உணவுப் பழக்கம்' என்று வேறு தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். காந்தள் பூத்தால் இயற்கை, நத்தை ஊர்ந்தால் சமூகவியல்!

அடுத்தது, மழை எங்கே தேங்குகிறது என்கிற விஷயம். தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடும், அது இயற்கைதான். ஆனால் ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பது இயற்கை இல்லை. ஊர்க்காரன் மேட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்ததால் வந்தது அது. எங்க பக்கத்தில் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. கோடையில் வயல் வழியாகப் போகலாம். கார்த்திகையில் செத்தால், இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நட்ட பயிரை மிதித்துவிட்டான் என்று நிலத்துக்காரன் சண்டைக்கு வருவான். தமிழ்நாட்டில் எத்தனை சேரிகளுக்கு இதே கதை என்று அவரவர் ஊரைக் கேட்டுப் பாருங்கள். கெழங்கட்டைகள் எங்க தெருவில் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: "பங்குனில கொண்டுபோயிடு சாமி, கார்த்திகையில வேணாம்." சாவுக்குக்கூட நல்ல பருவம் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

இதை வைத்துக்கொண்டு செய்தித்தாளைப் படியுங்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் பெரிய கருங்கல் சுவர் ஒன்று மழையில் ஊறி, தாழ்வாக இருந்த வீடுகள்மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். தலித்துகள். மழையால் நேர்ந்த விபத்து என்றார்கள். மழை சுவர் கட்டாது. அத்தனை உயரத்துக்கு அந்தச் சுவர் எதற்கு என்று மழையைக் கேட்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் பிணங்களை எடுக்க வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். நிவாரண முகாம்களிலோ தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை நாறியபோதும் மாவட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றி வந்து குப்பை அள்ள விட்டது யாரை? கூவம், அடையாற்றங்கரையிலிருந்து பெயர்த்து எடுத்தவர்களைச் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சதுப்பு நிலத்தின் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தது யார்? வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளம் வரும் இடத்துக்கே அனுப்பினார்கள். 'இயற்கைப் பேரிடர்' என்கிற சொல்லில் பேரிடர் உண்மை. இயற்கை என்பது சாதிக்குப் போட்ட முக்காடு.

மார்கழிக்கு வருவோம். மாதங்களில் அது உயர்ந்தது என்பார்கள். சென்னைச் சபாக்களில் கச்சேரி. அங்கே கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனைகளைப் பாடுவார்கள், சால்வை போர்த்தியவர்கள் கண்ணீர் விடுவார்கள். நந்தன் என்ன கேட்டான்? மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக லீவு கேட்டான். பண்ணை வேதியர், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்றார். பெரியபுராணத்தில் அந்த வேதியர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரதி அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். தஞ்சைப் பண்ணைகளைக் கண்ணால் பார்த்தவர் இல்லையா! ஆனால் இரண்டு கதையிலும் நந்தன் நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிகிறது.

அந்த நெருப்பு புராணத்தோடு நிற்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அதே மார்கழியில், அதே காவிரிப் படுகையில், கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள். உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் கனவான்கள் நடந்துபோய்த் தாங்களே தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற தோரணையில் அந்தத் தீர்ப்பு பேசியது. முன்பனிக்கு இலக்கணம் எழுதியவர்கள் இதையும் எழுதிக்கொள்ளட்டும். 2012 நவம்பர் 7, கூதிர் காலம், தருமபுரி நத்தம் காலனியிலும் அடுத்த இரண்டு காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். 2022 டிசம்பர், மறுபடி மார்கழி, வேங்கைவயலில் சேரி குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. வாடை அடிக்கத் தொடங்கினால் எனக்குப் பயம் வருகிறது என்று சொன்னேன் இல்லையா, அது உடம்பின் பலவீனம் அல்ல. அது வரலாறு.

ஆனால் பயத்தோடு விட்டுவிட்டால் நானும் அவர்கள் அட்டவணையையே ஒப்புக்கொண்டவன் ஆவேன். நம்ம தோழர்களில் சிலர் அப்படித்தான் இருக்கிறார்கள். மழை, பனி, நிலா எல்லாம் மேல்சாதி ரசனை, நமக்கெதற்கு என்கிறார்கள். இது சரியில்லை. பறித்துக்கொண்டவனிடமே பொருளை விட்டுவிட்டு வருவது எப்படி விடுதலையாகும்? அயோத்திதாசர் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. 1907இல் தொடங்கிய தம் பத்திரிகையில் தீபாவளியையும் கார்த்திகை விளக்கையும் பௌத்தர்களின் நாளாகத் திருப்பிப் படித்தார். எள்ளிலிருந்து நெய் எடுத்ததையும் ஆமணக்கிலிருந்து நெய் எடுத்து விளக்கேற்றியதையும் கொண்டாடிய நாட்கள் என்றார். அந்த ஆராய்ச்சியோடு நீங்கள் சண்டை போடலாம். ஆனால் அந்தத் துணிவைப் பாருங்கள்: இந்த இருட்டுக் காலத்தில் விளக்கு ஏற்றியவன் நானே என்று ஒரு பஞ்சமன் சொல்கிறான்!

அம்பேத்கரின் கடைசிக் கூதிரையும் நினைக்கிறேன். 1956 அக்டோபர் 14 நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தத்தில் சேர்ந்தார். டிசம்பர் 6 இறந்துபோனார். நடுவில் 53 நாள். மழைக்கும் பனிக்கும் நடுவே கிடைத்த அந்த 53 நாளுக்குள் நமக்கு ஒரு பிறப்பும் ஓர் இழப்பும் இருக்கிறது. வேறு யாருக்கும் இல்லாத பருவம் இது. நமக்கென்று பெரும்பொழுது இல்லை என்று இனி எவனும் சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் சென்னையில் 'மார்கழியில் மக்களிசை' என்று பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடை ஏறியபோது நடந்ததும் இதுதான். மார்கழியை யாரும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

எனவே கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மழையை எழுதுவோம். ஒழுகும் கூரையையும் எழுதுவோம், ஈசலையும் எழுதுவோம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு என்று திருத்தித் தர வேண்டாம். தோழர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த மனு எழுதும்போது வீட்டுமனை கேட்டால் மட்டும் போதாது, மேட்டில் கேளுங்கள். தொகுப்பு வீடு கேட்டால் மட்டும் போதாது. கம்பி தெரிய இற்றுப்போன கூரைக்குக் கணக்குக் கேளுங்கள். சுடுகாட்டுக்குப் பாதை கேளுங்கள், கார்த்திகையிலும் நடக்கிற பாதையாகக் கேளுங்கள். 1892இல் கொடுத்ததாக ஏட்டில் இருக்கிற பஞ்சமி நிலம் இன்றைக்கு யார் கையில் நெல் விளைகிறது என்று கேளுங்கள். நனையாத ஒரு திண்ணை கிடைத்தால், அதில் உட்கார்ந்து மழையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் நமக்கு உரிமை உண்டு. எங்க ஆயாவுக்கு ஒரு நாள்கூட அது கிடைக்கவில்லை.