ஒரு பொத்தானுக்காக ஒரு கால்குலேட்டரா?

ஒரு பொத்தான் மக்கர் செய்கிறது என்பதற்காக முழுக் கால்குலேட்டரையும் தூக்கிப் போடுவது சரியா? சரியில்லை என்பது என் கட்சி. பழுது பார்ப்பது என்றாலே வயசானவர்களின் கஞ்சத்தனம் என்று நினைக்கும் இளையவர்களோடு எனக்கு இதில் தீராத வழக்கு உண்டு.

நான் சொல்வது மளிகைக் கடையில் கூட்டல் போடும் கால்குலேட்டர் அல்ல, கிராஃபிங் கால்குலேட்டர். சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டும். காசியோ நிறுவனம் 1985-ல் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம்மில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டோம். பிளஸ் டூ கணிதத் தேர்வில் நம் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கால்குலேட்டரே கிடையாது. அமெரிக்காவில் கதை வேறு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பலரின் பையில் இது இருக்கும். 2004-ல் வந்த டிஐ-84 பிளஸ் குடும்பத்துக் கால்குலேட்டர்கள் இன்றும் அங்கே விற்கின்றன. புதிது வாங்கினால் நூறு டாலருக்கு மேல் ஆகும்.

மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தபோது, பேத்தியின் கால்குலேட்டரில் என்டர் பொத்தான் அழுத்தினால் மேலே எழும்பவில்லை. மேலே ஆரஞ்சு ஜூஸ் சிந்தியிருந்தது. அடுத்த வாரம் பரீட்சை.

"விடுங்க மாமா, புதுசு ஆர்டர் போட்டுடறேன். ரெண்டு நாள்ல வந்துடும்" என்றார் மாப்பிள்ளை.

பேத்தியின் முகம் வாடிவிட்டது. "நான் எழுதின புரோகிராம் எல்லாம் அதுலதான் தாத்தா இருக்கு" என்றாள். வருஷம் முழுக்கத் தானே யோசித்து எழுதிச் சேர்த்தவை அவை. புதுசு வரலாம், அவை வருமா?

அதனால் முதலில் புரோகிராம்களைக் காப்பாற்றினோம். இந்தக் கால்குலேட்டர்கள் இரண்டை ஒரு சின்ன கேபிளால் இணைத்து, ஒன்றில் இருப்பதை மற்றதற்கு அனுப்பலாம். தோழியின் கால்குலேட்டருக்கு நகல் போனது. இது முக்கியம். பென்சில் பேட்டரிகளையும் உள்ளே இருக்கும் சின்ன பட்டன் பேட்டரியையும் சேர்ந்தாற்போல் கழற்றினால் ராம் நினைவகத்தில் இருப்பது அழிந்துவிடும்.

பிறகு பேட்டரிகளைக் கழற்றி, திருகுகளை எடுத்துத் திறந்தோம். உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. பொத்தான்களுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு பொத்தானுக்கும் நேர் கீழே அதில் கரிப் பூச்சுள்ள ஒரு கறுப்பு வட்டம். அதற்கும் கீழே பலகையில் இரண்டு சீப்புகளை எதிரெதிரே கோத்தது போன்ற தடங்கள். அழுத்தும்போது கறுப்பு வட்டம் இரண்டு தடத்தையும் இணைக்கிறது. விரலை எடுத்ததும் ரப்பர் பொத்தானை மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான்.

எக்ஸ்சேஞ்சில் ரிலே கான்டாக்ட்டுகளைத் துடைத்தே காலம் தள்ளிய எனக்கு இது பழைய சிநேகிதன். அங்கேயும் பாடம் இதுதான்: பாதிப் பழுது அழுக்கு.

எந்தப் பழுது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பொத்தான் எழும்பாவிட்டால் பிசுக்கு. எழும்பியும் வேலை செய்யாவிட்டால் கான்டாக்ட்டில் அழுக்கு. வரிசையாகப் பல பொத்தான்கள் ஒன்றாகச் செத்திருந்தால் பெரும்பாலும் தடம் அறுந்திருக்கும். அது வேறு வைத்தியம்.

ஜூஸ் என்றால் இன்னொரு விஷயம். எல்லோரும் ஸ்பிரிட்டைத்தான் தேடுவார்கள். சர்க்கரை ஸ்பிரிட்டில் எளிதாகக் கரையாது, தண்ணீரில் கரையும். பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, பிசுக்கை எடுத்தோம். அதன் பிறகே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தைத் துடைத்தோம். கறுப்பு வட்டத்தைச் சுரண்டக் கூடாது, கரி போய்விடும். முழுவதும் உலர்ந்த பிறகே மூட வேண்டும். எல்லாமாகச் சேர்த்து ஒரு மணி நேரம் ஆனது. திருப்புளியைப் பிடித்தது பேத்தி. நான் சொன்னதோடு சரி.

மாப்பிள்ளையின் வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. அவருடைய ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம். திறந்து கெடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு. வாரண்டி இருந்தால் திறக்காமல் கடைக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். சார்ஜ் போடும் லித்தியம் பேட்டரி உள்ள புதிய வகைகளில் பேட்டரியைக் குத்தவோ நெம்பவோ கூடாது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாமானைப் பிள்ளைகள் தொடவே கூடாது.

ஆனால் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன சாமானைக்கூடத் திறந்து பார்க்காமல் வளரும் பிள்ளை, பொருள் என்றால் கடையில் பிறந்து குப்பையில் சாவது என்றே நினைத்துக்கொள்ளும். மிச்சமாகும் நூறு டாலரை விட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கணக்குப் பாடத்தில் வளைகோடு போடத் தெரிந்த பிள்ளைக்கு, அதைப் போடும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்றும் கொஞ்சம் தெரிய வேண்டாமா?

இதில் பாதிப் பொறுப்பு செய்கிறவர்களுடையது. திருகு போட்டு மூடினால் திறக்கலாம், பசை போட்டு ஒட்டினால் என்ன செய்வது? பழுது பார்க்கும் உரிமை என்ற பேச்சு நம் நாட்டிலும் வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் அதற்கு ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. செல்போன், வாகனம், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் உரிமை காகிதத்தில் இருந்து பயனில்லை, திறக்கத் தெரிந்த கைகள் வேண்டும்.

அந்தக் கைகள் நம் தலைமுறையிடம் இருக்கின்றன. ரேடியோவையும் தையல் மெஷினையும் சைக்கிளையும் வீட்டிலேயே பிரித்து மாட்டியவர்கள் நாம். அடுத்த முறை பேரனோ பேத்தியோ "இது வேலை செய்யலை" என்று எதையாவது கொண்டுவந்தால், நீங்களே சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். திருப்புளியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.