பதிவு செய்தவள் வீட்டுக்கு மட்டும்தான் சோதனையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டி ஹந்தானை வீதியில், வைத்தியசாலைப் பக்கமிருந்து மேலே ஏறும் மேட்டில், முப்பத்தொரு வருடமாகக் குடியிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமான பிறகு மாடியிலுள்ள இரண்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கொடுத்து வருகிறேன். நான் கீழே இருக்கிறேன். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் முறைப்படி பதிவு செய்த ஹோம்ஸ்டே. என்னைச் சுற்றுலாவின் எதிரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் எழுதுகிறேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒன்பது வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. தகப்பன் வைத்தியசாலையில் சிற்றூழியர். இரவு வேலை முடிந்தால் பத்து நிமிடத்தில் நடந்தே வந்துவிடுவார். தாய் வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவர். மகன் ஐந்தாம் தரம். பின்னேரங்களில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் விறாந்தைக்கு வந்துவிடுவான். 2025 மே மாதம் அந்த வீடு கைமாறியது. வாங்கியவர் கொழும்பில் இருக்கிறாராம். நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. ஜூலையில் ஓர் இளைஞர் வந்து, தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலங்கள் தொடங்குவதற்குள் வீட்டைக் காலி செய்யும்படி சொல்லிவிட்டுப் போனார். உடன்படிக்கையில் ஒரு மாத அறிவித்தல் என்று இருக்கிறது. கொடுத்தது மூன்று வாரம்கூட இல்லை.

கடைசி ரந்தோலி பெரஹரா ஆகஸ்ட் 8ஆம் திகதி. புலமைப்பரிசில் பரீட்சை 10ஆம் திகதி. ஐந்தாம் தரப் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் அந்த மாதம் ஒரு தளபாடத்தைக்கூட இடம் மாற்ற மாட்டார்கள். அந்தப் பிள்ளையின் புத்தகங்கள் அரிசிச் சாக்கில் கட்டி லொறியில் ஏறின. இப்போது கெலிஓயாவுக்கு அப்பால் ஓர் அறையில் இருக்கிறார்கள். தகப்பன் இரவு வேலை முடிந்து இரண்டு பஸ் மாறிப் போகிறார்.

2025 ஏப்ரலில் பதினாறு வருடங்களுக்குப் பிறகு, புத்தரின் புனிதத் தந்தத்தை மக்கள் பார்க்கும் தலதா தரிசனம் நடந்ததும், கண்டி நகரம் பத்து நாள் மூச்சுவிட முடியாமல் நின்றதும் தங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் அம்பாறைப் பக்கமிருந்து வந்த முதியவர்கள் சிலர் வரிசையில் நிற்க முடியாமல் எங்கள் வீதியில் ஏறிவந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பாய் விரித்து, பிளேன் டீ ஊற்றிக் கொடுத்து, இரண்டு இரவு படுக்க வைத்தவர்கள் அந்த எதிர்வீட்டுக்காரர்கள்தான். தமிழ்க் குடும்பம், வந்தவர்கள் ஒரு வார்த்தை தமிழ் தெரியாத சிங்களப் பெரியவர்கள். நகரத்துப் பள்ளிவாசல்களும் அந்த நாட்களில் யாத்திரிகர்களுக்குக் கதவு திறந்தன. கண்டி அப்படிப்பட்ட ஊர். அதே விறாந்தையில் ஆகஸ்ட்டில் இரண்டு பிரம்பு நாற்காலி போட்டுப் படம் பிடித்து, ஓர் இரவுக்கு 150 டொலர் என்று போட்டிருந்தார்கள்.

கணக்கு எனக்கும் தெரியும். அந்த வீட்டுக்கு மாத வாடகை 55 ஆயிரம் ரூபா. பெரஹராவின் பத்து இரவுக்கு, டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால், நான்கரை இலட்சம். எட்டு மாத வாடகை பத்து இரவில் கைக்கு வருகிறது. 2023 தொடக்கத்தில் நிலையான வைப்புக்கு வங்கிகள் நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி கொடுத்தன. 2025இல் எட்டுக்குப் பக்கத்தில் நின்றது. காசு வைத்திருப்பவர் வங்கியை விட்டு வீட்டுக்கு வருவார். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பராமரிக்க ஒரு பையன், துணி துவைக்க ஓர் ஆள், கதவோரம் நம்பர் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டி. முதலாளி கண்டிக்கு வரவே தேவையில்லை. இதேபோல் இன்னும் மூன்று வீடு அவருக்கு இந்த நகரைச் சுற்றி இருப்பதாக அந்தப் பையனே சொன்னான்.

காசு சம்பாதிப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குச் சுற்றுலாப் பதிவு கிடையாது. அதுதான் என் முறைப்பாடு. அதைச் சொல்லத்தான் நகரிலுள்ள ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு மணித்தியாலம் காத்திருந்த பிறகு உத்தியோகத்தர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: “டீச்சர், பதிவு செய்தவங்களைத்தான் நாங்க செக் பண்ணலாம். பதிவு செய்யாதவங்களை நாங்க எப்படித் தேடிப் பிடிக்கிறது?”

நான் கைத்தொலைபேசியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வீட்டின் படம், படுக்கையறை, குளியலறை, வரைபடத்தில் இடம், எத்தனை பேர் வந்து தங்கினார்கள், எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. இஸ்ரேலில் இருந்தும் ஜெர்மனியில் இருந்தும் வருகிறவர் அந்த வீட்டை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து வந்து இறங்குகிறார். ஒரு கிலோமீற்றர் தள்ளி உட்கார்ந்திருக்கும் உத்தியோகத்தருக்கு அது தெரியவில்லை. அவர் படத்தைப் பார்த்தார். “லொக்கேஷன் சரியாக் காட்டாது” என்றார். என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார்.

எழுதிக்கொண்டது எதற்கு என்று மூன்றாம் நாள் தெரிந்தது. இரண்டு பேர் வந்தார்கள், என் வீட்டுக்கு. மாடிப்படியின் கைப்பிடியை அளந்தார்கள். தீயணைக்கும் கருவியின் திகதியைப் பார்த்தார்கள். விருந்தினர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அவர்கள் கேட்ட எல்லாம் இருந்தது. ஒரு குறையும் எழுத முடியாமல் போனார்கள். அவர்கள் என் வாசலில் செருப்பு மாட்டும்போது எதிரே அந்தச் சாவிப் பெட்டியை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி திறந்துகொண்டிருந்தார்கள். நான் கையைக் காட்டினேன். “எங்களுக்கு உங்கட பைல் மட்டும்தான் தந்திருக்கு” என்றார்கள். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு ‘உண்மையைச் சொல், ஒன்றும் வராது’ என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சட்டத்தில் இடமில்லை என்று யாராவது எழுதினால் அது பொய். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் ஹோம்ஸ்டேக்கு ஒரு வகை, முழு வீட்டையும் வாடகைக்கு விடுவதற்கு இன்னொரு வகை, அடுக்குமாடி வீட்டுக்கு வேறொரு வகை என்று பதிவு முறை இருக்கிறது. ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர் அங்கே வசிக்க வேண்டும். எதிர்வீட்டு விளம்பரத்திலும் ‘ஹோம்ஸ்டே’ என்றுதான் போட்டிருக்கிறது. யாருடைய வீடு? அங்கே வசிப்பது யார்? குடியிருந்தவர்களைக் கெலிஓயாவுக்கு அனுப்பிவிட்டு அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள்.

‘நாட்டுக்கு டொலர் வேண்டும்’ என்பார்கள். எனக்கும் வேண்டும். 2018இல் இந்த நாட்டுக்கு 23 இலட்சம் பயணிகள் வந்தார்கள். 2021இல் இரண்டு இலட்சம்கூட இல்லை. ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, எரிபொருள் வரிசை என்று மூன்றையும் வெறும் அறைகளோடு தாண்டியவள் நான். 2024இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியபோது கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். என் வீட்டில் தங்குகிறவர் கொடுக்கும் காசு இந்த வீதிக் கடைக்கும் ஆட்டோக்காரருக்கும் மரக்கறிக்காரிக்கும் போகிறது. எதிர்வீட்டுக் காசு எந்த வங்கிக்குப் போகிறது, அதற்கு யார் வரி கட்டுகிறார் என்று கேட்க ஒருவரும் இல்லை.

‘அவருடைய சொத்து, அவர் விருப்பம்’ என்பது அடுத்தது. என்னுடையதும் என் சொத்துத்தான். கைப்பிடி அளந்தது ஏன்?

‘இது பொறாமை’ என்று என் உறவுக்காரர் ஒருவரே சொன்னார். அதற்குப் பதில் எழுத நான் இடத்தை வீணாக்கப் போவதில்லை.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. எங்கள் மேட்டில் மட்டும் இந்த இரண்டு வருடத்தில் ஐந்து வாடகை வீடுகள் இப்படி மாறிவிட்டன. நான் எண்ணிச் சொல்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிற பிள்ளைகளின் பெற்றோர் ‘டீச்சர், ஒரு போடிங் இருக்கா, ஓர் அனெக்ஸ் இருக்கா’ என்று என்னிடம் கேட்கிறார்கள். முன்பு நாலு இடம் சொல்வேன். இந்த வருடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வைத்தியசாலைத் தாதிமார் கதையும் அதுதான். 1988இல் இந்த நகரை யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று ஏற்றுக்கொண்டபோது இங்கே மனிதர்கள் குடியிருந்தார்கள். தலதா மாளிகைக்குப் பூ விற்கிறவரும் மேளம் அடிக்கிறவரும் வைத்தியசாலையில் கழுவித் துடைக்கிறவரும் எங்கே போய்ப் படுப்பது? கெலிஓயாவும் நிறைந்தபின் கம்பளையா?

மற்ற நாடுகளுக்கும் இதே தலையிடி வந்தது, அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஜப்பானில் 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, பதிவு இலக்கம் இல்லாத வீட்டை விளம்பரப்படுத்த முடியாது. அந்தச் சட்டத்தில் பதிந்தாலும் வருடத்துக்கு 180 இரவுதான். நியூயோர்க் 2023 செப்டெம்பரில் இருந்து பதிவில்லாத வீட்டுக்கு இணையத்தளங்கள் காசு வாங்கவே கூடாது என்று நிறுத்திவிட்டது. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை. ஓர் இலக்கம் போதும். விளம்பரத்தில் அந்த இலக்கம் இல்லையென்றால் விளம்பரம் இறங்க வேண்டும். இதைச் செய்யும்படி இணையத்தளங்களுக்கு எழுத அரசாங்கத்துக்கு எத்தனை மாதம் வேண்டும்? மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் போகிற பொடியனை வளைவில் மறித்துப் பிடிக்கும் நாடு இது. நாலு வீடு வைத்திருப்பவருக்கு முன்னால் மட்டும் எல்லா அலுவலகத்துக்கும் கண் தெரியாமல் போகிறது. கொழும்போடு சேர்த்து 1865ஆம் ஆண்டின் சட்டத்தில் மாநகர சபை பெற்ற நகரம் கண்டி. நூற்றறுபது வருட நிர்வாகத்துக்குப் பிறகும், எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்க ஓர் ஆள் படியேறி வர மாட்டாரா?

நான் கேட்பது மூன்றாவது ஆளுக்கும் புரியும். என் வீட்டுக்கு வந்த அந்த இரண்டு பேரும் அதே அளவுநாடாவோடு வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். பதிவு இருந்தால் வாழ்த்திவிட்டு வரட்டும். இல்லையென்றால் சட்டம் சொல்வதைச் செய்யட்டும். குடியிருப்பவரை மூன்று வாரத்தில் வெளியேற்றிவிட்டுப் பயணிக்குக் கொடுத்த வீட்டுக்கு, அந்த வருடம் சுற்றுலாப் பதிவு வழங்கக் கூடாது என்று ஒரு விதியும் எழுத வேண்டும்.

உரிய இடங்களுக்கெல்லாம் பதிவுத் தபாலில் கடிதம் போட்டிருக்கிறேன். பற்றுச்சீட்டுகள் கையில் இருக்கின்றன. பதில் வரும்வரை மாதம் ஒன்று போடுவேன். பிள்ளை பரீட்சைக்குப் போய் எழுதிவிட்டான். எப்படி எழுதினாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனுடைய கணிதக் கொப்பி ஒன்று இன்னும் என் விறாந்தை மேசையில் கிடக்கிறது. பஸ் காசு இருக்கிற ஒரு நாளில் வந்து எடுப்பதாகத் தாய் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹந்தானை வீதி, கண்டி.