சீனுக்குப் பிறகு

"சீன் இருக்கா?" கடலூரில் இந்தக் கேள்விக்கு உரை எழுத வேண்டியதில்லை. காலைக்காட்சிக்கு மலையாளப் படம் ஓடிய நாளில் டிக்கெட் வரிசையில் புழங்கியது. ஆபரேட்டர் எத்தனையாவது ரீலில் 'பிட்டு' ஒட்டியிருக்கிறார் என்பதில்தான் எல்லார் கவனமும். அது ஓடி முடிந்ததும் பாதி அரங்கு காலி. அந்த நாயகி கடைசியில் என்ன ஆனாள் என்பது அரங்கைக் கூட்ட வந்தவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

அதே கேள்வி இப்போது வீடியோ கேமுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. போன மாதம் நம் பத்திரிகையின் சந்தா பாக்கி கேட்டு அண்ணாமலை நகர் போயிருந்தேன். (பாக்கி வரவில்லை, தலையங்கம் வந்தது.) நம் வாசகி ஒருவர், முதுகலை மாணவி, 'பால்டர்ஸ் கேட் 3' ஆடுகிறார். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. கூடவே பயணம் வரும் தோழர்களில் ஒருவரைக் காதலிக்கலாம், கூடலாம். வெளியீட்டுக்கு முந்தைய மாதம், கரடியாக உருமாறிய ஒருவனோடு கூடும் காட்சியை ஒளிபரப்பி ஊரையே பேசவைத்தார்கள். மாணவிக்குக் கரடியில் அக்கறையில்லை. ஆட்டத்தின் அமைப்புகளில் நிர்வாணத்துக்கு ஒரு தேர்வு, பிறப்புறுப்புக்குத் தனியாக ஒரு தேர்வு உண்டு. இரண்டையும் அணைத்து வைத்திருக்கிறார். ஏனென்று கேட்டேன்.

"வீட்ல ஒரே ஹால் சார். அம்மா எப்ப காபியோட வருவாங்கன்னு தெரியாது."

இந்தியாவில் வீடியோ கேமுக்குத் தணிக்கை வாரியம் கிடையாது. காபி டம்ளர்தான் வாரியம். தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் 2025 விதிமுறைகளும் பணம் வைத்து ஆடுவதைப் பற்றியவை. இரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குள் நுழையக் கூடாது என்று 2025இல் விதித்தார்கள். காதலுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. சிங்கப்பூரில் வேறு கதை: 2007 நவம்பரில் 'மாஸ் எஃபெக்ட்' ஆட்டத்தை, ஒரு பெண்ணும் பெண்ணுருக் கொண்ட வேற்றுக்கிரக உயிரும் கூடும் காட்சிக்காகத் தடை செய்துவிட்டு, சில நாளிலேயே 18 வயது முத்திரை குத்தி விடுவித்தார்கள்.

மாணவியின் மனக்குறை தணிக்கையைப் பற்றியது அல்ல. இதுவரை ஆடிய பல ஆட்டங்களைச் சேர்த்து அவர் சொன்னது: "அந்த ராத்திரி வர்ற வரைக்கும் அவ்வளவு பேசறாங்க. வந்து முடிஞ்சிட்டா பேச்சு தீந்துடுது. மறுநாள் காலையில, முந்தாநாள் சொன்ன அதே வசனத்தையே சொல்றாங்க சார்."

இந்த ஆட்டக் காதலின் சூத்திரம் எளிது. தோழிக்குப் பரிசு கொடு, அவளுக்குப் பிடித்த பதிலைச் சொல், மதிப்பெண் ஏறும். குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் காட்சி திறக்கும். ரேஷன் கடையில் கைரேகை பொருந்தியதும் பில் வருவது போல. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2007இல் வெளியிட்ட முதல் 'விட்சர்' இதை வெட்கமில்லாமல் செய்தது: பெண்ணோடு கூடினால் அவள் படம் போட்ட சீட்டு ஒன்று கைக்கு வரும், சேர்த்துக்கொண்டே போகலாம். அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சீட்டுகளின் உடம்பை மறைத்து வரைந்தார்கள். சீட்டு சேர்ப்பதை யாரும் மறைக்கவில்லை. எனக்கு ஆபாசமாகத் தெரிவது அதுதான்.

எட்டு ஆண்டு கழித்து, 'விட்சர் 3'. நாயகன் இரண்டு பெண்களிடம் ஆசை வார்த்தை பேசியிருந்தால் இருவரும் சேர்ந்தே விடுதிக்கு அழைக்கிறார்கள். இவன் வாயெல்லாம் பல்லாகப் போகிறான். கட்டிலில் கையைக் கட்டிப் போட்டுவிட்டு இருவரும் நடையைக் கட்டுகிறார்கள். காலைக்காட்சிப் பார்வையாளனை இதைவிட அழகாக யாரும் ஏமாற்றியதில்லை.

இந்த இடத்தில் சிதம்பரம் கோபுரத்தைக் கைகாட்டி, நம் முன்னோர் காணாததா என்று தொடங்குவது வழக்கம். கோபுரத்தை விட்டுவிடலாம். வள்ளுவரின் காமத்துப்பால் கணக்கு எனக்குப் போதும்: 25 அதிகாரங்களில் களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. கூடியது ஏழுக்குள் நடந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் பிரிவு, காத்திருப்பு, மெலிவு, கனவு, புலவி. கடைசி அதிகாரம் ஊடலுவகை. கேம் எழுதுகிறவர்கள் கூடலின் குறிஞ்சியைக் கொண்டுபோய்க் கடைசியில் பரிசாக வைத்துவிட்டார்கள். காத்திருப்பின் முல்லையும் ஊடலின் மருதமும் இருக்க வேண்டிய இடத்தில் பழைய வசனம் ஓடுகிறது.

நம் ஊர்க்காரர்களும் சீனுக்குப் பிறகுதான் கதையை வைத்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சிறுகதையில் அம்மாளு காசுக்காக ஒருவனோடு இருட்டுக்குள் போவதோடு காட்சி முடிகிறது. அடுத்து வருவது கிடைத்த காசின் கணக்கு, பிறகு கற்பு பேசுகிறவர்களை நோக்கி ஒரு சீறல். அந்த இருட்டு நாகரிகத்துக்காகப் போட்ட திரை அல்ல. அங்கே திரையை விலக்கிக் காட்டியிருந்தாலும் நம்மைக் குத்துவது அந்தக் காசுதான்.

1934இல் கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழையில் ஏற்றிக்கொண்ட அந்நியனின் காருக்குள் ஒரு பெண்ணுக்கு நடந்ததைவிட, வீடு திரும்பிய அந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று முடித்துவிட்டதுதான் வாசகர்களுக்குப் பொறுக்கவில்லை. ஜெயகாந்தன் என்ன செய்தார்? ஆட்டக்காரர்கள் மொழியில் சொன்னால் பழைய சேவ் ஃபைலை, அதாவது முன்பு சேமித்து வைத்த கட்டத்தை, மறுபடி திறந்தார். அதே மழை, அதே கார். தாய் தண்ணீர் ஊற்றாமல் ஊரறியக் கத்திவிட்டால்? அந்தக் கிளையில் போனதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஓர் இரவுக்குப் பின்னால் ஒரு நாவல் நீளத்துக்கு வாழ்க்கை இருக்கிறது என்று காட்ட அவருக்குச் சேவ் ஃபைல் பயன்பட்டது.

நாம் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று மாணவியிடம் கேட்டேன். சிரித்தார். கூட வரும் பாத்திரம் கோபித்துக்கொண்டால் உடனே பழைய சேவுக்குப் போய், கோபம் வராத பதிலைத் தேர்ந்தெடுத்துவிடுவாராம். அவர் தோழிகளும் அப்படியே. ஊடல் எழுதப்படவில்லை என்று குறைப்படுகிறவர்கள், எழுதிய சொற்ப ஊடலையும் இப்படித்தான் அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளம்பும்போது சொன்னார், இந்தத் தடவை மட்டும் அழிக்கவில்லையாம். ஏதோ தவறான பதிலைச் சொல்லிவிட்டார். பாத்திரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று நாளாயிற்று.

"இன்னும் பேசல சார். விட்டு வச்சிருக்கேன்."

சந்தாவை அடுத்த மாதம் தருவதாகவும் சொன்னார்.