வங்கத்துச் சிறைகளிலிருந்து வாஷிங்டன் தூதரகம் வரை

சித்தார்த்த சங்கர் ராயைப் பற்றி எழுதும் முதலாளித்துவ ஏடுகள் அவரது வாழ்வை இரண்டாக வெட்டிக் காட்டுகின்றன. முற்பாதியில் கண்டிப்பான முதலமைச்சர். பிற்பாதியில் பண்பட்ட ராஜதந்திரி. தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பேரன், லண்டனில் பயின்ற பாரிஸ்டர் என்னும் பெருமைகள் இரண்டையும் ஒட்டும் பசையாகின்றன. அங்கே இரண்டு மனிதர்கள் இல்லை. ஒரே வர்க்கத்துக்கு ஆற்றப்பட்ட ஒரே ஊழியமே உண்டு.

1971இல் மேற்கு வங்கச் சட்டமன்றத்தில் தனிப்பெரும் கட்சியாக வென்ற மார்க்சிஸ்ட் கட்சி, மறு ஆண்டுத் தேர்தலில் 14 இடங்களே பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதை மோசடித் தேர்தல் என்று அம்பலப்படுத்திய கட்சி, ஐந்தாண்டுகளும் அம்மன்றத்தைப் புறக்கணித்தது. அந்தத் தேர்தலின் வழியே முதலமைச்சரானவர் ராய். அரைப் பாசிசப் பயங்கரம் என்று கட்சி பெயரிட்ட அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான தோழர்கள் கொல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் ஊரையும் வீட்டையும் இழந்தனர். மிசா சட்டம் சிறைகளை நிரப்பியது.

வங்கத்தில் தேர்ந்த கை 1975 ஜூன் 25இல் தில்லிக்குப் பயன்பட்டது. அரசியல் சாசனத்தின் 352ஆவது பிரிவைக் காட்டி, உள்நாட்டு நெருக்கடி நிலைக்கான வழியை இந்திரா காந்திக்கு எடுத்துரைத்தவர் ராய். மத்திய அமைச்சரவைக்கோ மறுநாள் காலையில்தான் செய்தி சொல்லப்பட்டது.

1977இல் வங்க மக்கள் தீர்ப்பளித்தனர். மார்க்சிஸ்ட் கட்சி மட்டும் 178 இடங்களில் வென்றது. இடது முன்னணி ஆட்சி அமைந்தது. ஆனால், மக்கள் தூக்கி எறிந்தவரை ஆளும் வர்க்கம் எறிந்துவிடவில்லை. 1986இல் பஞ்சாப் ஆளுநர் பதவி தந்தது. மறு ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது அம்மாநில நிர்வாகம் முழுவதும் அவர் கையில் சேர்ந்தது. 1992இல் அவரையே அமெரிக்காவுக்கான தூதராக அனுப்பியது.

அது நரசிம்ம ராவ் அரசு தாராளமயத்தின் கதவுகளைத் திறந்துவிட்ட காலம். ராய் வாஷிங்டனில் இருந்த ஆண்டுகளில்தான் எண்ரான் நிறுவனத்தின் தபோல் மின்திட்டத்துக்கு ஒப்பந்தமானது. மராக்கேஷில் உலக வர்த்தக அமைப்புக்கான உடன்பாடு கையெழுத்தானது. 1995 ஜனவரியில் அமெரிக்காவுடன் இராணுவ ஒத்துழைப்புக்கு உடன்பாடு காணப்பட்டது. இவை ஒரு தூதரின் தனிச் செயல்கள் அல்ல. ஓர் அரசின் கொள்கை. அக்கொள்கையை அமெரிக்க மூலதனத்தின் முன் வைக்க அந்த அரசு யாரைத் தேர்ந்தெடுத்தது என்பதே கேள்வி.

ஜோதிபாசுவுடன் ராய்க்கு இருந்த தனிப்பட்ட நட்பைச் சிலர் நினைவூட்டுகின்றனர். தனிமனிதப் பண்பு இங்கே வழக்கே அல்ல. உள்நாட்டில் தொழிலாளியை ஒடுக்கும் அரசும் வெளிநாட்டில் ஏகாதிபத்தியத்தோடு கைகுலுக்கும் அரசும் ஒன்றே என்பதற்கு அவரது வாழ்க்கை சாட்சி.

ஜூன் 25ஐ அரசியல் சாசனப் படுகொலை தினமாக 2024இல் அறிவித்த பாஜக அரசு, மறுபுறம் ஊபா சட்டத்தால் எதிர்ப்பாளர்களை விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் சிறையில் அடைக்கிறது. அமெரிக்காவுடன் இராணுவ உறவை மேலும் இறுக்குகிறது. நெருக்கடி நிலையை ஒரு குடும்பத்தின் குற்றமாகச் சுருக்குவது அதற்கு வசதியானது. ஆட்கள் மாறினர், ஊழியம் தொடர்கிறது. அந்த ஊழியத்தை எதிர்த்து வீழ்ந்த வங்கத் தோழர்களின் நினைவு, இன்றைய போராட்டத்தின் ஆயுதமாகட்டும்.